ஆடு கொடுக்க மாட்டேன் என்று ஜெயித்தேன்

அமெரிக்காவில் யார் ஜனாதிபதியாக வந்தால் எனக்கென்ன? அவர் வந்து என் தக்காளியை வாங்கப் போவதில்லை. இது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்கத் தேர்தலில் நிற்கிற ஒருவர் முன்னாள் ராணுவ வீரராம். பட்டாளத்தில் இருந்தவர் தலைவரானால் மற்ற நாடுகளை நன்றாகச் சமாளிப்பாரா, இல்லை எடுத்ததற்கெல்லாம் சண்டைக்குப் போவாரா என்று கோட்டு போட்டவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். சீண்டுவதற்கு என்றே பார்க்கிற பார்வை அது. நானும் மாட்டிக்கொண்டேன்.

"இதுல பேசறதுக்கு என்னடா இருக்குது? பட்டாளத்துல இருந்தவனுக்குத்தான் எதிரி மனசு தெரியும். மத்தவனுக்கெல்லாம் என்னா தெரியும்?"

"நீங்க எதிரியப் பாத்துருக்கீங்களா மாமா?" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஜம்மு, அசாம், ராஜஸ்தான் எல்லாம் போயிருக்கிறேன். போன இடமெல்லாம் ரேஷன் ஸ்டோரில் இருந்தேன். கோதுமை மாவு, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம். துப்பாக்கி சுட்டது வருடாந்திரப் பயிற்சியில், அட்டை மனிதன் மேல். அதிலும் பாதி குண்டு பக்கத்து அட்டைக்குப் போகும். நான் பார்த்த ஒரே எதிரி மூட்டையைக் கடித்த எலி. ஆனால் இதையெல்லாம் டீக்கடையில் சொல்லவா முடியும்? "பாக்காமயா இத்தன வருசம் இருந்தேன்?" என்றேன்.

"அப்ப நீங்களே நில்லுங்க மாமா. அமெரிக்காவுல சீட்டு இல்ல. நம்மூர் பிரசிடெண்ட் சீட்டு காலியா இருக்குது. மேலூர்க்காரனுங்கள நீங்கதான் சமாளிக்கணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கோபக்காரனை ஒரு காரியத்தில் இறக்க வேண்டுமானால் அவனைப் பார்த்துச் சிரித்தால் போதும். ஊராட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. நின்றேன்.

மேலூர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் மேலே இருக்கிற ஊரின் ஏரியிலிருந்து வருகிறது. அது வேறு ஊராட்சி. அவர்கள் ஏரி நிரம்பி வழிகிற இடத்தைக் கோடி என்போம். மழைக்காலத்தில் அவர்கள் கோடி மேல் மணல் மூட்டை அடுக்கி, தங்கள் ஏரியில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிறுத்திக்கொள்வார்கள். ஏரி ததும்புகிற அன்றைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் தேங்காய், பழம், வெற்றிலைத் தட்டோடு ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். கோடி ஓரத்தில் கங்கம்மாவுக்கு அதை வெட்டுவார்கள். ஆடு எங்களுடையது, அரிசியும் மசாலாவும் அவர்களுடையது. இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் அவர்கள் மூட்டைகளை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் ஓடை வழியாக எங்கள் ஏரிக்கு வரும். அது வந்தால்தான் எங்கள் கிணறுகள் கோடையைத் தாண்டும். வராவிட்டால் தை மாதத்திலேயே மோட்டார் காற்றைக் குடிக்கும். தக்காளி நாற்று நட முடியாது.

முந்தின வருடம் ஆடு எலும்பும் தோலுமாக இருக்கிறது என்று மேலூர்க்காரர்கள் யாரோ கிண்டல் செய்தார்கள். மூட்டையை எடுக்கவும் இழுத்தடித்தார்கள். எங்கள் ஊரில் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம தண்ணிய நாம வாங்கறதுக்கு ஆடு எதுக்குக் குடுக்கணும்? அது கப்பம். நான் பட்டாளத்துல இருந்தவன். கப்பம் கட்டத் தெரியாது. என்னைய ஜெயிக்க வைங்க, ஒரு ஆட்டு முடி கூட மேலூருக்குப் போவாது."

வூடு வூடாகப் போய் இதைத்தான் சொன்னேன். ரோடு போடுகிறேன், தெருவிளக்கு போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெடல்களைக் குத்திக்கொண்டு போனேன். அவை எல்லாம் இன்ன இடத்தில் இத்தனை நாள் இருந்தான் என்பதற்குக் கொடுக்கிற மெடல்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. நானும் விளக்கவில்லை. ஜெயித்துவிட்டேன். மாலை போட்டு, பட்டாசு வெடித்து, தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் மச்சானும் ஒருவன். "மாமா, கனமா இருக்கீங்க, ரேஷன் நல்லா குடுத்துருக்கான்" என்று கீழேயிருந்து சொன்னான்.

அதே தேர்தலில் மேலூரிலும் ஒரு பட்டாளத்துக்காரர் ஜெயித்திருந்தார். ஓய்வு பெற்று ஓசூரில் இருந்தவர், அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். கீழூர்க்காரன் ஆட்டோடு வந்தால்தான் மூட்டையில் கை வைப்பேன் என்று சொல்லி அவர் ஓட்டு வாங்கினாராம். இது என் காதுக்கு வந்தது. வந்து என்ன? யாராவது சிப்பாயாக இருப்பான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எதிரி மனசு தெரியும் என்று டீக்கடையில் பாடம் எடுத்தவனும் நான்தான்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. மேலூர் ஏரி ததும்பியது. நான் வார்டு உறுப்பினர்களையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு கோடிக்குப் போனேன். ஆடு இல்லை, தட்டு இல்லை. கோட்டு, தொப்பி, மெடல். எல்லாரையும் வரிசையாக வரச் சொன்னேன். ஏரிக்கரையில் வரிசையாக நடக்க முடியாது, சேறு. இருந்தாலும் நடந்தோம்.

எதிர்ப்பக்கம் இருந்து ஒருவர் வந்தார். லுங்கி, தோளில் துண்டு, கையில் வேப்பங்குச்சி. பல் விளக்கிக்கொண்டே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். குச்சியை எடுத்துவிட்டு இந்தியில், எந்த யூனிட் என்று கேட்டார்.

கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது சுபேதாரின் குரல். மேலூர் பிரசிடெண்ட் சிப்பாய் இல்லை, ஹவில்தாருக்கு மேலே இருக்கிற சுபேதார். எத்தனையோ வருடம் அந்தக் குரலுக்கு எழுந்திருக்கிறேன், அந்தக் குரலுக்குத் தூங்கியிருக்கிறேன். என் குதிகால் இரண்டும் சேற்றில் ஒட்டிக்கொண்டன. கை தானாகத் தொப்பிக்குப் போய்விட்டது.

"ராம் ராம் சாப்," என்றேன்.

"ஹவில்தாரா?"

"ஆமாங்க சாப்."

"நல்லது. ஆடு எங்க?"

பின்னால் என் ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் யோசித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. நம் உரிமை, நீர்வழி, சட்டம் என்று பெரிதாக வைத்திருந்தேன். வாயில் வந்தது, "ஆடு இல்லைங்க சாப்" என்பது மட்டும்தான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தது. அவர் தலையாட்டினார். "ஆடு வந்ததும் சொல்லு, மூட்டைய எடுக்கறோம்," என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டார். போகலாம் என்று அவர் சொல்லாததால் நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மச்சான் வந்து முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஊர் எல்லையில் மச்சான் ஆரம்பித்தான். "எதிரி மனசு தெரியும்னீங்களே மாமா. சல்யூட் அடிச்சுத்தான் தெரிஞ்சுக்கறதுங்களா?"

"வாய மூடு. மரியாதன்னு ஒண்ணு இருக்குது."

"மரியாதைக்கு ஆட்டையே குடுத்துருக்கலாமில்ல?"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் விலகினான். எனக்குத்தான் சேற்றில் கால் வழுக்கியது.

மானம் போய்விட்டது. அதை மீட்க வேண்டும். மானத்தை மீட்கக் கிளம்புகிற மனிதனைப் போல முட்டாள் உலகத்தில் இல்லை. தாலுகா ஆபீசில் போய்க் கத்தினேன். இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து, காவல் போட்டேன். கோடிக்கு எதிரே எங்கள் பக்கத்துப் புளியமரத்தடியில் முறை வைத்து ஆட்களை உட்கார வைத்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். கண்காணிப்பு என்றேன். "மணல் மூட்ட எங்கீங்க ஓடிப் போவப் போவுது?" என்றாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன். எனக்கும் புரியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

நாங்கள் ஆள் போட்டதும் சுபேதாரும் ஆள் போட்டார். இரண்டு காவலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தினமும் மொபெட்டில் போய் மேற்பார்வை பார்த்தேன். கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் போனபோது எங்கள் பக்கத்தில் ஆளே இல்லை. பார்த்தால் எல்லாரும் அந்தப் பக்கம் மேலூர்க்காரர்களோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மச்சானும் அதில் இருந்தான். "உளவு பாக்கறோம் மாமா," என்றான். அவன் கையில் நல்ல சீட்டு இருந்தது போல, எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையில் தண்ணீர் வரவில்லை. மச்சான் பாலக்கோடு சந்தையை நம்பி நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தான். நாற்றங்காலில் குழித்தட்டில் நாற்று வளர்ந்துகொண்டே போனது. அது காத்திருக்காது. கிணற்றில் தண்ணீர் படி படியாக இறங்கியது. "நீங்கதான் பிரசிடெண்ட் மாமா, எப்ப வரும்னு சொல்லுங்க," என்று கேட்டான். இந்தத் தடவை அவன் முகத்தில் கிண்டல் இல்லை. கிண்டல் இல்லாத மச்சானைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மிலிட்டரி கேண்டீன் வரிசையில் சுபேதாரைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றிருந்தார். சோப்பு, ஹார்லிக்ஸ், ஒரு ரம் பாட்டில். அங்கே இரண்டு ஊர்க்காரர்களும் இல்லை. வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம்.

"போர்ல இருந்தீங்களா சாப்?" என்று கேட்டேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"போரா? ஆபீஸ்ல டைப் அடிச்சேன். லீவு ஆர்டர், போஸ்டிங் ஆர்டர். நீ?"

"ரேஷன் ஸ்டோருங்க சாப்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒருவன் வெங்காயம் நிறுத்தவன், ஒருவன் லீவு டைப் அடித்தவன். இந்த இரண்டு தளபதிகளை நம்பி இரண்டு ஊர் உட்கார்ந்திருந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார். "எங்க கரை ஒரு எடத்துல கசியுது. இன்னொரு மழ வந்தா எனக்கே ஆபத்து. மூட்டைய எடுத்தாவணும்."

"அப்ப எடுத்துருங்க சாப்."

"ஆடு வராம எடுத்தா எங்கூர்க்காரன் என்னைய சும்மா வுடுவானா? பட்டாளத்துக்காரன்னு சொல்லி ஓட்டு வாங்கியிருக்கறேன். நீ ஒரு ஆட்ட ஓட்டிக்கிட்டு வா."

"ஓட்டிக்கிட்டு வந்தா எங்கூர்க்காரன் என்னைய வுடுவானுங்களா சாப்? நானும் அதையே சொல்லித்தான் வாங்கியிருக்கறேன்."

சுபேதார் ரம் பாட்டிலைப் பைக்குள் செருகினார். பிறகு அவர் கேட்டார், "பார்டர்ல பண்டிகைக்கு எதிர்ப்பக்கத்துக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுப்பாங்களே. அதக் கப்பம்னா சொன்னோம்?"

ஒரு தடவை அந்த இனிப்புப் பெட்டிகளைக் கட்டியவன் நான். லட்டு நசுங்காமல் இருக்கக் காகிதம் சுருட்டி வைத்து, மேலே ரிப்பன் ஒட்டி அனுப்பினேன். அவர்கள் பக்கத்திலிருந்தும் பெட்டி வந்தது. அதையும் ஸ்டோரில் வைத்துப் பிரித்துத் தின்றோம். பட்டாளத்தில் வெளிநாட்டு உறவு என்று நான் செய்த ஒரே வேலை அதுதான். அதை விட்டுவிட்டு, செய்யாத வேலையையெல்லாம் சொல்லி ஓட்டுக் கேட்டிருக்கிறேன்.

புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததும் போய் ஆடு வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். வாங்கவில்லை. பட்டாளத்துக்குப் போகாத ஒருவன் பிரசிடெண்டாக இருந்தால், எனக்கென்னப்பா தெரியும், பெரியவங்க சொன்னபடி செய்யலாம் என்று இறங்கி வந்திருப்பான். ஒரு மணி நேரம் கிண்டல் செய்துவிட்டு ஊர் அவனை விட்டிருக்கும். நான் இறங்கினால் என் தொப்பியும் சேர்ந்து இறங்க வேண்டும். என்னால் முடியவில்லை. சுபேதாராலும் முடியவில்லை. அந்த அமெரிக்க வேட்பாளர் எப்படிப்பட்டவரோ எனக்குத் தெரியாது. அவருக்காவது தொப்பியைக் கழற்றத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெடல் கோட்டை மாட்டிக்கொண்டு மேற்பார்வைக்குக் கிளம்பினேன். தெருவில் ஆண்களே இல்லை. மனைவி வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே எல்லாரும் என்றேன். "எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள். அவளுக்குத் தெரியும். மொபெட்டை முறுக்கிக்கொண்டு போனேன். தூரத்திலேயே கோடிப் பக்கம் புகை தெரிந்தது.

ஆடு ஏற்கெனவே குழம்பாகியிருந்தது. நல்ல கொழுத்த ஆடு, தோல் மரத்தில் தொங்கியது. அண்டாவைச் சுற்றி இரண்டு ஊர்க்காரர்களும் நின்றார்கள். மச்சான் கரண்டியோடு வந்தான்.

"யாரக் கேட்டுடா ஆடு வெட்டுன?" என்று கத்தினேன்.

"ஊராட்சி ஆடு இல்ல மாமா. என் ஆடு. சீட்டாட்டக் கூட்டாளிங்களுக்குச் சோறு போடறேன். அதுக்குத் தீர்மானம் போடணுங்களா?"

"என் மானத்த..."

"உங்க மானம் தண்ணி பாய்ச்சுமா மாமா? நாத்து கழுத்து முறிஞ்சு நிக்குது. மாமான்னு பாத்து இத்தன நாளு இருந்தேன்."

பந்தியைப் பார்த்தேன். சுபேதார் ஏற்கெனவே இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவரையும் யாரும் கேட்கவில்லை போல. பக்கத்தில் இலை போட்டிருந்தது. உட்கார்ந்தேன். குழம்பில் காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்துக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் மூட்டையை எடுக்க வேண்டும். மேலூர்க்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு மிலிட்டரியும் எடுக்கட்டும், அவங்களுக்குத்தான் மூட்ட தூக்கிப் பழக்கம்," என்றார். அவர் கிண்டலாகச் சொன்னார். என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. மூட்டை தூக்குவதில் என்னை அடிக்க ஆளில்லை. சுபேதார் இரண்டு மூட்டையிலேயே மூச்சு வாங்கினார், டைப் அடித்த கை. கடைசி மூட்டையை எடுத்ததும் தண்ணீர் கோடியைத் தாண்டி ஓடைக்குள் விழுந்தது. எல்லாரும் விசில் அடித்து ஆர்ப்பரித்தார்கள். கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

தண்ணீரோடு கூடவே நடந்தோம். மேலூர் எல்லை வரை ஓடை துடைத்துவிட்டது போல் இருந்தது. எங்கள் எல்லைக்குள் வந்ததும் தண்ணீர் நின்றது. ஓடை முழுவதும் சீமைக்கருவேல முள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பிளாஸ்டிக் பைகளையும் செத்தையையும் பிடித்து வைத்துக்கொண்டு சுவர் மாதிரி நின்றது. தண்ணீர் முட்டி, பக்கத்துக் கொல்லைக்குள் திரும்ப ஆரம்பித்தது.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் ஓடையைச் சுத்தம் செய்வது ஊராட்சி வேலை. என் வேலை. தினமும் அந்த முள்ளைத் தாண்டித்தான் மொபெட்டில் காவலை மேற்பார்வை பார்க்கப் போனேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. என் கண் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். வூட்டுக்கு ஓடி அரிவாளும் கடப்பாரையும் கொண்டுவந்தார்கள். மேலூர்க்காரர்களும் திரும்பிப் போகவில்லை, அரிவாள் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் கோட்டைக் கழற்றிவிட்டு முன்னால் இறங்கினேன். வேகத்தில் செருப்பு சேற்றில் போய்விட்டது. அடுத்த அடியில் முள் உள்ளங்காலில் நீளமாக ஏறியது.

சுபேதார்தான் என்னைக் கரையில் உட்கார வைத்தார். என் மெடல் கோட்டிலிருந்து ஊக்கை உருவி, என் காலை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. முள் இல்லாத இடத்திலெல்லாம் குத்தினார்.

கீழே ஏரிப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. மச்சானின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து பார்க்க முயன்றேன்.

"அசையாத ஹவில்தார்," என்றார் சுபேதார். "பாதிதான் வந்துருக்குது."